வேலைக்கும் வேலைக்கும் நடுவே

"பாசிட்டிவா இரு" என்று சொல்பவர்கள் எல்லோரும் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குபவர்களாகவே இருக்கிறார்கள். குறை சொல்லவில்லை, வேறு என்ன சொல்வதென்று அவர்களுக்கும் தெரியாதுதான். ஆனால் வேலையில்லாதவருக்கு முகத்தைச் சிரித்தபடி வைத்திருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. அதற்கும் சம்பளம் கிடையாது.

சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தேன். பிரிவையே மூடிவிட்டார்கள். வாடகையாவது மிஞ்சட்டும் என்று செட்டிநாட்டில் இருக்கும் பள்ளத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் இதேபோல வேலை போய் வந்திருக்கும் ஒரு தம்பியிடம் எல்லோரும் குரலைத் தணித்துப் பேசுகிறார்கள். என்னிடம் மட்டும், "நல்லதாப் போச்சு ஆத்தா, கொஞ்ச நாள் வீட்டைப் பாரு." ஆணுக்கு வேலை போனால் இழவு, பெண்ணுக்குப் போனால் விடுமுறை. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, மலாயாவில் ஒரு கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்திய கட்டடம்) கணக்கெழுதியவர். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, போனவர்களுக்கு அப்போதெல்லாம் மூன்று வருஷத் தவணை. சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு கப்பலேறுவார்கள். தவணை முடிந்தால் ஊர். அடுத்த சீட்டு எழுதும்வரை ஓடு மாற்றுவது, கோயில் காரியம், பங்காளி வீட்டுக் கல்யாணம், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு. அந்த மாதங்களில் ஐயாவைப் பார்த்து "ஏன் சும்மா இருக்கிறீர்கள்" என்று யாரும் கேட்டதில்லையாம். வேலைக்கு நடுவில் ஒருவன் வீட்டிலிருப்பது செட்டிநாட்டுக்குப் பழகிப்போன விஷயம். ரொம்பவும் மெச்ச வேண்டாம். அவருக்கு அடுத்த சீட்டு அநேகமாக நிச்சயம். அப்பத்தாவுக்கோ தவணை என்று ஒன்று முடிந்ததே இல்லை.

அப்புறம் 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான்காரர் கைக்குப் போனது. அப்போது ஐயா ஊரில் இருந்தார். 1945-இல் போர் முடிகிறவரை திரும்பிப் போக வழியில்லை, அங்கிருந்து வரவேண்டிய பணமும் வரவில்லை. தேவகோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் அரைச் சம்பளத்துக்குக் கணக்கெழுத உட்கார்ந்தார் என்று அப்பா சொல்வார். அந்த வருஷங்களில் அவர் உற்சாகமாக இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. தினமும் காலையில் குளித்துக் கிளம்பிவிடுவார், அவ்வளவுதான்.

அந்தக் கிளம்புதலில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில், மரியந்தால் என்று ஒரு ஊர். ஊர் முழுக்க ஒரே பஞ்சாலையை நம்பிப் பிழைத்தது. 1930-ஐ ஒட்டி ஆலை மூடியதும், ஆய்வாளர்கள் சிலர் போய் ஊர் எப்படி இருக்கிறதென்று பார்த்து 1933-இல் எழுதி வெளியிட்டார்கள். நேரம் கிடைத்ததே, படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் இரவல் போகும் புத்தகங்கள் இரண்டு வருஷத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டன. பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். தெருவில் நடக்கும்போது நடுநடுவே நின்றுவிடுவார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள், வீட்டில் உலை வைக்க வேண்டுமே.

எனக்கு அந்தப் பெண்களின் சிக்கல்தான். நேரம் கையில் தங்கவில்லை, அடுப்படிக்கும் துணிக்கொடிக்கும் போய்விட்டது. அதனால் அம்மாவிடம் பேசி காலை பத்திலிருந்து ஒரு மணிவரை எனக்கென்று வாங்கிக்கொண்டேன். கதவு சாத்தியிருந்தால், "பாப்பா ஆபீஸ்ல இருக்கு" என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறார். உள்ளே நான் சில நாள் விண்ணப்பம் போடுகிறேன், சில நாள் தானியங்கிச் சோதனைக்கு நிரல் எழுதிப் பழகுகிறேன், சில நாள் சுவரைப் பார்க்கிறேன். சுவரைப் பார்ப்பதும் என் நேரத்தில்தான்.

சாயங்காலம் ஒரு நோட்டில் எழுதுகிறேன். வெளிநாட்டுக் கடையிலிருந்து ஊரிலிருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை என்று மொத்தக் கணக்கை எடுத்து அனுப்புவார்களே, அதுபோல. வரவு, பற்று, வராக்கடன் எல்லாம் அதில் உண்டு. பழைய மேலாளர் மேல் இருக்கும் ஆத்திரத்தை வராக்கடனில்தான் எழுதினேன். இதெல்லாம் வெறும் மனச்சமாதானம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1994-இல் அமெரிக்காவில் வேலையிழந்த 63 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. வேலை போனதன் வலியை, கோபத்தை ஐந்து நாள், தினம் இருபது நிமிடம் எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களையும் வெறும் திட்டம் மட்டும் எழுதியவர்களையும்விடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலை தேடி அலையவில்லை. கோபத்தைத் தாளில் இறக்கிவிட்டதால் நேர்காணலில் அது வெளியே எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நல்லதையே நினைத்துக் கோபத்தை அமுக்கி வைக்கச் சொல்லும் அறிவுரை எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பது இதைப் படித்த பிறகு புரிந்தது.

பணக் காரியத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். பிஎஃப் பணத்தில் கை வைப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு நிலைமை.

போன வாரம் காணொளியில் ஒரு நேர்காணல். நடுவில் இருக்கும் மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். படித்ததைச் சொன்னேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு மதுரைக்குக் கூட்டிப் போனதைச் சொன்னேன். பழைய இடத்தில் எந்த வேலை எனக்குப் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எதிரில் இருந்த பெண் ஏதோ குறித்துக்கொண்டார். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. பழைய சம்பளத்துக்குக் கொஞ்சம் கூடவே கேட்டிருக்கிறேன்.