பிள்ளைகளின் தலைமுடி மீது நமக்கு ஏன் இத்தனை கோபம்?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்துவிட்டால், காலை இறைவணக்கக் கூட்டத்தில் பாடத்துக்கு முன்பாகத் தலைமுடியைத்தான் சோதிக்கிறார்கள். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே மட்டும் அடர்த்தியாக விட்டிருப்பவன், கோடு போட்டு வெட்டியிருப்பவன், முன்முடிக்குச் செம்பட்டை நிறம் ஏற்றியவன் என்று தேடிப் பிடித்து, அத்தனை பேர் முன்னிலையில் தனியே நிறுத்துகிறார்கள். சில ஊர்களில் தலைமையாசிரியர்கள் சலூன் கடைகளுக்கே கடிதம் கொடுத்ததையும், பள்ளிக்கே முடிதிருத்துபவரை வரவழைத்து மாணவர்களுக்கு முடி வெட்டச் செய்ததையும் செய்திகளில் படித்திருக்கிறோம். பலர் அவற்றைப் பாராட்டிப் பகிர்ந்தார்கள். என்னால் பாராட்ட முடியவில்லை.

சீருடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் ஒரே நிறத்தில் உடுத்தி ஒரே பெஞ்சில் உட்காருவது நம் பள்ளிகள் சாதித்த பெரிய காரியம். ஆனால் சட்டையின் நிறம் முதல் பெண்பிள்ளைகளின் இரட்டைச் சடையை மடித்துக் கட்டும் ரிப்பன் வரை எல்லாவற்றையும் பெரியவர்களே தீர்மானித்துவிட்ட பிறகு, தன்னுடையது என்று ஒரு பிள்ளையிடம் மிஞ்சுவது என்ன? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, கை கால்கள் தம் விருப்பத்துக்கு நீளுகின்றன. தன்னைக் கேட்காமலே உடல் மாறிக்கொண்டிருக்கும் அந்தப் பருவத்தில், தன் தோற்றத்தில் ஏதேனும் ஒன்றையாவது தானே முடிவு செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றுவது முற்றிலும் இயல்பானது. அந்த முடிவு பெரும்பாலும் தலைமுடியில் போய் நிற்கிறது, ஏனென்றால் அதற்கு அதிகப் பணம் வேண்டியதில்லை.

இந்தக் கோபத்தில் ஒழுக்கம் பற்றிய அக்கறையைவிட வர்க்கத்தின் மீதான வெறுப்பே அதிகம் என்று நான் நினைக்கிறேன். அதிகக் கட்டணப் பள்ளியில் படிக்கும் பையன் அதே மாதிரி முடி வைத்திருந்தால் அது ஸ்டைல். வடசென்னைப் பையன் வைத்திருந்தால் அவன் ‘புள்ளிங்கோ’, நாளைய ரவுடி. கத்தரிக்கோல் யார் தலையை நோக்கிப் போகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். யார் எதை அணியலாம் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் தீர்மானித்த வரலாறு நமக்குப் புதிதன்று. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் அரசாணையைப் பெற்றார்கள். உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அப்போதும் நீங்கவில்லை. அந்த மண்ணின் ஒரு பகுதியான இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைத் தன்னுள் கொண்ட மாநிலத்தில், தோற்றம் அற்பமான விஷயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் சாதிக் கயிற்றையும் அனுமதிப்பீர்களா என்று கேட்பார்கள். மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவனுடைய தங்கையும் வெட்டப்பட்டதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிப் பொட்டு போன்றவற்றோடு பள்ளிக்கு வருவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிறு விஷயத்தில் அந்தப் பரிந்துரையின் நோக்கம் எனக்கு முழுவதும் ஏற்புடையது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை ‘நீ வேறு, நான் வேறு’ என்று விலக்கிவைக்க ஊர்ப் பெரியவர்கள் கட்டிவிடும் கயிற்றில் அந்தப் பிள்ளையின் விருப்பம் எங்கே இருக்கிறது? ஒருவனை இழிவுபடுத்தவோ அச்சுறுத்தவோ செய்யும் அடையாளத்தைப் பள்ளி தடுத்தே ஆக வேண்டும். நெற்றியில் விழும் நாலு முடி யாரையும் அச்சுறுத்துவதில்லை. கவனம் சிதறும் என்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்: இருநூறு பேர் முன்னால் தலை குனிந்து நின்றவனுக்கு அன்றைய கணக்குப் பாடம் ஏறுமா?

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது.

வீடுகளும் இதில் சளைத்தவை அல்ல. என் மகள் கழுத்தளவுக்கு முடியை வெட்டிக்கொண்டபோது, உறவினர்களில் ஒருவர்கூட அவளிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. எல்லோரும் என்னிடம்தான், ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். சடை பின்ன எடுக்கும் நேரம் மிச்சமாகிறது, விளையாடும்போது வியர்வை தேங்குவதில்லை என்று அவளிடம் தெளிவான காரணங்கள் இருந்தன. காரணமே இல்லாமல், அழகாக இருக்கிறது என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதுமானதாகவே இருந்திருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் முடி பற்றிய விதிகளை விவாதத்துக்கு எடுங்கள். ஆய்வகத்தில் நீண்ட முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும், பேன் வராமல் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பன போன்ற தேவையான விதிகள் இருக்கட்டும். மற்றவற்றை முடிவு செய்யும்போது ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலரையும் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த விதியை மீறினாலும் பிள்ளையின் தலையில் வேறொருவர் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்பதை அந்தத் தீர்மானத்தின் முதல் வரியாகச் சேருங்கள்.