கிளிக் கதை சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள்

எந்தப் பதிவு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் அந்தக் கிளிதான் பறக்கிறது. ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் ராபர்ட், வால்டர் என்று பாட்டிசன் சகோதரர்கள். விக்டோரியா ராணி காலம். 500 சாம்பல் கிளிகளுக்குத் தங்கள் விஸ்கியின் பெயரைப் பேசப் பழக்கி மதுக்கடைகளுக்குக் கொடுத்தார்களாம். "இதுதான்டா மார்க்கெட்டிங்!" என்று கீழே தீ எமோஜி வரிசை.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரே ஒரு கமெண்ட் போட்டேன். "நெகட்டிவிட்டி வேண்டாம் ப்ரோ" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கமெண்டையே காணோம். சரி, இங்கே சொல்கிறேன்.

1896இல் பங்கு வெளியிட்ட கம்பெனி, 1898 டிசம்பரில் கவிழ்ந்தது. சரக்கின் மதிப்பைக் கணக்கில் ஊதிக் காட்டி, அதை வைத்தே மேலும் கடன் வாங்கியிருந்தார்கள். கேலன் ஒரு ஷில்லிங்கூடப் பெறாத மட்டச் சரக்கில் கொஞ்சம் நல்ல மால்ட்டை (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) கலந்து, 'பழைய கிளென்லிவட்' என்ற பேர்பெற்ற விஸ்கியின் பெயரில் 8 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றார்கள். 1901இல் எடின்பரோ நீதிமன்றம் ராபர்ட்டுக்கு 18 மாதம் சிறை கொடுத்தது, வால்டருக்கு அதைவிடக் குறைவு. கிளியைச் சொன்ன வாய் இதையும் சொல்ல வேண்டாமா?

"சந்தையே வீங்கித்தான் இருந்தது, பழி முழுக்க அவர்கள் மேலா?" என்பீர்கள். நியாயம்தான், எல்லாரும் அளவுக்கு மீறித்தான் வடித்தார்கள். ஆனால் வீங்கிய சந்தைக்குக் கிளி வாங்கி விட்டவர்கள் யார்? "குடிகாரக் கதைக்கு இவ்வளவு கோபமா?" என்பவர்களுக்குப் பதில் இல்லை. நான் குடிப்பவனே இல்லை.

அவர்கள் கவிழ்ந்தபோது மற்ற விஸ்கிக்காரர்களும் சேர்ந்து விழுந்தார்கள். ஸ்காட்லாந்தின் பென்ரியாக் வடிசாலையைப் பாருங்கள். 1898இல் திறந்தார்கள், 1900இல் மூடினார்கள். மறுபடி வடித்தது 1965இல். நடுவில் அதன் தளத்தில் பார்லியை முளைகட்டிப் புரட்டியதெல்லாம் பக்கத்து லாங்மார்ன் வடிசாலைக்காக. சொந்தக் கொப்பரை குளிர்ந்தே கிடந்தது. பேய் வீடு என்றால் இதுதான். அந்த வட்டாரமான ஸ்பேசைடில், அதே காலத்தில் கட்டிய கிளென் எல்கின் வடிசாலைக்குப் பிறகு புது வடிசாலை எழ ஏறக்குறைய 60 வருடம் ஆனது. அந்த வருடங்களில் வேலையில்லாமல் நின்றவனுக்கு ஒரு எமோஜி உண்டா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், தொண்ணூறுகளில் அப்பா ஒரு நிதி நிறுவனத்தில் பணம் போட்டார். அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்தது. அவர்களிடம் கிளி இல்லை, காலண்டர் இருந்தது. வழவழ தாளில் ஆளுயர முருகன், காலடியில் கம்பெனி பெயர். ஒரு நாள் காலையில் ஷட்டர் இறங்கியிருந்தது. வெளியே செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாராம். அப்பா சொன்னது அவ்வளவுதான்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த மாமா, டீயை ஆற்றிக்கொண்டே, "ஆளு பயங்கர மூளைக்காரன்யா" என்றார் கம்பெனிக்காரனை. பேராசைக்காரர் பட்டம் அப்பாவுக்கு. அதே குரல்தான் இன்று ஆயிரம் ஷேரோடு வருகிறது. ஏமாற்றினவன் ஜீனியஸ், ஏமாந்தவன் முட்டாள். நான் கேட்டால் நெகட்டிவிட்டி.

அம்மா அந்தக் காலண்டரில் கம்பெனி பெயர் இருந்த அடிப்பட்டையைக் கத்தரித்துவிட்டு முருகனை ஃப்ரேம் போட்டார். இன்னும் பூஜை அறையில்தான் இருக்கிறார். அப்பா விபூதி எடுக்கப் போகும்போது அந்தப் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார்.