ஊகித்தால் போதாது, கேட்கணும்

"அடுத்தவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தாலே அவர் மனசு புரிந்துவிடும், கேட்கவே வேண்டாம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அது சரியில்லை. எயல், ஸ்டெஃபல், எப்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 25 சோதனைகள். அப்படிக் கற்பனை செய்ததால் அடுத்தவர் மனசைப் பற்றிய கணிப்பு தேறவில்லை. அவரிடமே பேசித் தெரிந்துகொண்டபோதுதான் தேறியது. கற்பனை இரக்கத்தைக் கூட்டலாம், அது வேறு. ஆனால் கற்பனை செய்வதும் நம் மூளைதானே, நம் விருப்பத்தையே அவர் தலையில் கட்டிவிடும்.

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் அக்கா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், தம்பி கோலாலம்பூரிலிருந்து மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) அனுப்புகிறார் என்று வையுங்கள். அக்காவுக்குத் தேவை பணமல்ல, ஒரு முழு ராத்திரித் தூக்கமாக இருக்கலாம். "எப்படி இருக்கே?" என்றால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எந்த நேரம் ரொம்பச் சிரமமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் "எனக்கும் இங்கே ரோட்டுல ஒரே ஜேம்" என்று பேச்சைத் தன் பக்கம் இழுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அவர் சொன்னதிலிருந்தே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். "ஒன்னும் வேணாம்" என்றால் அங்கேயே விடாமல், "சனிக்கிழமை ராத்திரி நான் அம்மாகூட இருக்கேன், எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேளுங்கள்.