எங்கள் வீட்டு நாய்க்குக் கேசரி கொடுக்க நீங்கள் யார்?

வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் பல ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். எங்களைக் கேட்காமல் எங்கள் நாய்க்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியாயிற்று, கெஞ்சிச் சொல்லியாயிற்று, கொட்டை எழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டியும் வைத்தாயிற்று. அந்தத் தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, தட்டிலிருந்து எடுத்து ஊட்டுகிறவர்களிடம் இனியும் நாசூக்கு பார்ப்பதில் பயனில்லை என்பதால், மனத்தில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் யாராவது படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவும் பெரியம்மாவும் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கூடவே அத்தையும் மாமாவும் கிளம்பி வந்துவிட்டார்கள். விடுமுறை நாள் என்று பெயர்தானே ஒழிய, மாவு மில்லில் கொடுத்திருந்த மிளகாய்த்தூளை வாங்க வேண்டும், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, மதியச் சமையலுக்கு வாழைத்தண்டும் அவரைக்காயும் வேண்டும், இஸ்திரிக் கடையில் துணி கிடக்கிறது. எங்கள் நாய் மணியைக் காலையிலேயே நடக்கக் கூட்டிப்போய், அதற்குரிய சோறும் பூசணிக்காயும் வேகவைத்த கோழியும் கலந்து வைத்து, அது தின்று முடித்ததைப் பார்த்த பிறகுதான் நான் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். வந்தவர்களிடம் வாசலிலேயே, "பெரியப்பா, மணிக்கு எதுவும் குடுக்காதீங்க, சாப்பிட்டாச்சு, போன வருஷம் கணையத்துல பிரச்சினை வந்து பொழச்சதே பெரும்பாடு" என்று தெளிவாகச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது நாற்காலிக்கு அடியில் எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் இருந்தது. நெய் பளபளப்பு மட்டும் மிஞ்சும் அளவுக்கு மணி அதை நக்கித் துடைத்திருந்தது. அம்மா எல்லாருக்கும் கேசரி வைத்தபோது ஒவ்வொரு தட்டிலும் நெய்யில் பொரிந்து உப்பிய உலர்ந்த திராட்சை நான்கைந்து விழுந்திருந்தது. அந்தத் தட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. பக்கத்தில் வெங்காயம் ஒட்டிய வடைத் துணுக்கு ஒன்று கிடந்தது, அது யார் கொடுத்தது என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆசையா பாத்துச்சுமா, மனசு கேக்கல. ரெண்டு வாய்தான். ஒண்ணும் ஆகாது" என்றார் பெரியப்பா.

என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன். திராட்சை, அதிலும் உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. இத்தனை தின்றால் ஆபத்து, இதற்குக் கீழே பயமில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவைக் கால்நடை மருத்துவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பிக்கிறது, இன்னொன்று சிலவற்றைத் தின்றே படுத்துவிடுகிறது. முதல் நாளில் வாந்தி, சோர்வு, தின்ன மறுப்பது என்று தொடங்கி, ஓரிரு நாள்களுக்குள் சிறுநீர் குறைந்து நின்றுபோகும் நிலைக்கு அது போய்விட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அண்மைக் காலத்தில்தான் கண்டறிந்தார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே போலச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று பதிவுசெய்திருக்கிறது; புளியில் அந்த அமிலம் ஏராளமாக இருக்கிறது. புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து நாய்க்குச் சோறு வைப்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் எண்ணெயில் பொரித்தாலும் அந்தத் தன்மை போவதில்லை. ஒரே ஒரு வடையால் நாய் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வாரம் அத்தை ஒரு துண்டு, அடுத்த வாரம் மாமா ஒரு துண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி குருமா தொட்ட சப்பாத்தி ஒன்று என்று ஒவ்வொருவரும் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்கள். கொடுப்பவருக்குத்தான் அது கொஞ்சம், வாங்கித் தின்னும் உடம்பு ஒன்றுதானே? அதன் விளைவும் அன்றே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, நாய் மூலையில் சுருண்டு படுக்கும்போது கொடுத்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊரில் நிம்மதியாக இருப்பார்கள்.

சாக்லேட் கதை இன்னும் மோசம். குழந்தைகள் பாசத்தில் பிய்த்துக் கொடுப்பதைப் பெரியவர்கள் பார்த்து ரசிக்கிறார்கள். அதிலுள்ள தியோபுரோமின் நாயின் உடலில் பாதியளவு கழியவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும்; அதுவரை இதயம் தாறுமாறாகத் துடிக்கும், அளவு மிகுந்தால் வலிப்பும் வரும். பிரியாணியிலிருந்து எடுத்துப்போடும் கோழி எலும்பு வெந்தபின் ஊசி போல உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். எங்கள் மாமாவின் சட்டைப்பையில் அந்த சூயிங்கம் எப்போதும் இருப்பதால், அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினால் நான் முதல் வேலையாக அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.

இதையெல்லாம் சொன்னால் உடனே வரும் பதில் எனக்கு மனப்பாடம். "எங்க ஊர்ல நாய் எல்லாத்தையும் தின்னுச்சு, குத்துக்கல்லாட்டம் இருந்துச்சு." இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்த நாய்கள் எத்தனை வயதில் செத்தன என்று யாராவது எழுதி வைத்தீர்களா? ஒரு நாள் காலையில் வைக்கோல் போரடியில் விறைத்துக் கிடந்தால், பாம்பு கடித்திருக்கும், யாரோ மருந்து வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு இழுத்துப்போய்ப் புதைத்துவிட்டு, அடுத்த வாரமே வேறொரு குட்டியைக் கொண்டுவந்து அதே பெயரை வைத்துக் கூப்பிட்டோம். அவற்றில் எதற்குச் சிறுநீரகம் பழுதானது, எதற்கு இரத்தம் சிதைந்தது என்று ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தது உண்டா? பார்க்காமல் விட்டதையே சான்றாக வைத்துக்கொண்டு, பார்த்துப் படித்தவர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ளுவதுதான் என்னால் சகிக்க முடியாதது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மாநிலத்தில் விலங்கு மருத்துவத்தைக் கல்லூரியில் வைத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள்; ஆனாலும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கடைசி வார்த்தை பெரியப்பாவுடையது.

வந்த விருந்தாளிகளின் சாப்பாட்டு விதிகளில் ஒன்றையாவது நாங்கள் மீறியிருக்கிறோமா என்று அவர்களே நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்குக் காபி தனியாக, சீனி போடாமல்தான் வரும். "ரெண்டு ஸ்பூன்தானே, ஒண்ணும் ஆகாது" என்று அவர் பார்க்காத நேரத்தில் நான் கலந்து கொடுத்தால் இந்தக் குடும்பம் என்னைச் சும்மா விடுமா? அத்தை புரட்டாசிச் சனிக்கிழமையில் வெங்காயம் பூண்டு தொடமாட்டார்; அவருக்காக அம்மா தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டி போட்டுச் சமைப்பார். பெரியம்மாவுக்குக் கத்தரிக்காய் ஒவ்வாது என்பதால் அவர்கள் வரும் நாளில் அது வீட்டுக்குள் நுழைவதே இல்லை. ஒருவருடைய உடம்புக்கு எது ஆகாது என்பதை அவரோ அவரைப் பார்த்துக்கொள்பவரோ சொன்னால், காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வது நமக்கெல்லாம் தெரிந்த மரியாதைதான். வாய் பேச முடியாத ஓர் உயிருக்காக நான் சொல்லும்போது மட்டும் அந்த மரியாதை எங்கே போய்விடுகிறது?

அன்று மதியம் பந்தி பரிமாற வேண்டிய நேரத்தில் நானும் தம்பியும் மணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தபோது ரவையோடு முழுத் திராட்சைகளும் வெளியே வந்து விழுந்தன. பிறகு மாலை வரை குளுக்கோஸ் ஏறும் காலை அசையவிடாமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் முழங்கையில் மோவாயை வைத்தபடி நடுங்கிக்கொண்டே இருந்தது. அடுத்தடுத்த நாள்களும் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இரத்தப் பரிசோதனைக்கு அலைந்தோம். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏறவில்லை என்று தெரிந்த பிறகுதான் வீட்டில் ஒழுங்காக அடுப்பு எரிந்தது. அன்றிரவு பெரியப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், ஒண்ணும் ஆகலல்ல?" என்றார். ஒன்றும் ஆகாமல் போனது தானாக நடக்கவில்லை, பெரியப்பா. உங்கள் பேத்தியின் பத்திரிகையைக்கூட வாங்கிப் பார்க்காமல் நாங்கள் ஓடிய ஓட்டத்தால் நடந்தது அது.

அம்மாவுக்கு இதில் என் மேல்தான் வருத்தம். வீட்டுக்கு வந்த பெரியவரை முகம் வாடவைத்து அனுப்பிவிட்டேனாம். அவருடைய சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. அண்ணன் தம்பி உறவு ஒரு தட்டுக் கேசரியால் முறியக் கூடாது என்று அவர் பயப்படுகிறார். ஆனால் உறவு முறியாமல் இருக்க வேண்டிய பொறுப்பு எப்போதும் எங்கள் பக்கத்தில் மட்டுமே ஏன் இருக்க வேண்டும்? அவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்தால், அதற்கென்றே வேகவைத்த கேரட்டும் உப்புப் போடாத முட்டை வெள்ளைக்கருவும் டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் முதல் தட்டில் வைத்திருக்கிறேன். என்னைக் கேளுங்கள், நானே எடுத்துத் தருகிறேன், உங்கள் கையாலேயே ஊட்டுங்கள், அதுவும் உங்கள் மடியில் தலைவைத்துப் படுக்கும்.

எல்லாவற்றையும் விட என்னைக் கொதிக்கவைப்பது கொடுத்துவிட்டு மறைப்பதுதான். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதுதான். வாந்தி எடுக்கவைப்பது தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால்தான் நன்றாகப் பயன் தரும்; அதற்குப் பிறகு விஷம் குடலைக் கடந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, வடை நீங்க குடுத்தீங்களா? அத்தை, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டால், நான் இல்லை, எனக்குத் தெரியாது, பையன் கொடுத்திருப்பான் என்று ஆளுக்கு ஒரு பதில். யாரையும் தண்டிப்பதற்காக நான் கேட்கவில்லை. இனிமேல் எங்கள் வீட்டில் நீங்கள் ஏதாவது கொடுத்துத்தான் தீருவீர்கள் என்றால், நான் கூப்பிடும்போது தொலைபேசியை எடுத்து, எதை, எவ்வளவு, எப்போது கொடுத்தீர்கள் என்பதை அந்த நிமிடமே உண்மையாகச் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.