நினைவுச் சின்னத்தைப் பளபளப்பாக்காதீர்கள்

பழைய பூங்காக்களில் நிற்கும் போர் நினைவுச் சின்னங்களுக்கு வெயிலும் மழையும் புறாவும் செய்யும் கேட்டைவிட, ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் அவசரமாக நடக்கும் 'சுத்தம்' செய்யும் கேடுதான் அதிகம். நூறு வருஷம் தாங்கிய கல்லை ஒரே மதியத்தில் பாழாக்கிவிட முடியும்.

முதல் குற்றவாளி ஆசிட். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் பொங்கும் நுரையை அழுக்கு கிளம்புவதாக நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அங்கே கரைவது கல். அடுத்தது பிரெஷர் வாஷர். அதன் தண்ணீர் கற்களுக்கிடையே உள்ள இணைப்புகளுக்குள் புகுந்து சாந்தைத் தள்ளும், ஈய எழுத்துகளையும் பெயர்த்துவிடும். அந்த எழுத்துகள் ஒட்டப்பட்டவை அல்ல. கல்லில் எழுத்தைச் செதுக்கி, பள்ளத்துக்குள் சிறு துளைகளைச் சாய்வாகப் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். துளைக்குள் போன ஈயம்தான் வேர் மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விழுந்த எழுத்தின் பள்ளத்தில் கறுப்பு பெயின்ட் அடிப்பது மகா மட்டமான வேலை. கொஞ்ச நாளில் வழிந்து, பெயரே படிக்க முடியாமல் போகும்.

சரியான முறையில் செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும். வேலைக்கு முன் ஒவ்வொரு பெயரையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்; தேய்ந்த எழுத்துகூட நிழலில் எழும்பித் தெரியும். பொரிந்தோ மணலாக உதிர்ந்தோ இருக்கும் கல்லைத் தொடவே வேண்டாம். மற்றதில், பின்பக்கம் கையகல இடத்தில் சோதனை செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரக்கல் எப்போதும் அழகாகத்தான் தெரியும். பிறகு கல்லை முழுக்க நனைத்து, கீழிருந்து மேலாக நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். மேலே ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் கீழே காய்ந்த கல்லில் இறங்கிக் கோடு போட்டுவிடும். கம்பி பிரஷ் கூடாது, பிளீச்சும் கூடாது. பிளீச் விட்டுப்போகும் உப்பு உள்ளே படிகமாகி மேல்தோலை உரிக்கும். பாசியை நனைத்து மரச்சில்லால் எடுக்கலாம். வறண்ட கல்பாசியைச் சுரண்டினால் கல்லின் மணிகளும் சேர்ந்து வரும்.

லண்டனில் 1920இல் கல்லில் எழுந்த செனோடாஃப் என்ற போர் நினைவுச் சின்னம் நினைவிருக்கிறதா? அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் அதன் பக்கங்களை லேசாகச் சாய்த்தார். மேலே நீட்டினால் சுமார் 1,000 அடி உயரத்தில் போய்ச் சந்திக்குமாம். அவ்வளவு நுணுக்கமான கோட்டில் மணல் அடித்துத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

வெண்கலப் பலகைக்குப் பித்தளை பாலிஷ் போடாதீர்கள். அந்தப் பழுப்புப் படலம்தான் அதற்குக் கவசம். மிதமான சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, மெழுகை மெல்லிசாகப் பூசித் துடைத்தால் போதும்.

இணைப்பில் சிமென்ட் அடைப்பதும் தவறு. ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகப் போகும், விளிம்புகள் உடையும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி. விரிசலோடு துருக்கறையும் கசிந்தால் உள்ளே கற்களைப் பிணைக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடித்து உப்புகிறது என்று அர்த்தம். மேலே பூசி மறைக்காமல் கல் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

பூங்காக்காரர்களுக்கும் ஒன்று: பீடத்தோடு ஒட்டி மண் குவித்துப் பூச்செடி வைக்காதீர்கள், ஸ்பிரிங்க்ளரையும் திருப்பிவிடுங்கள். சுற்றி ஒரு அடி அகலத்துக்குச் சரளை போட்டால் புல்வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு பீடத்தின் விளிம்பைக் கடிக்காது. மலர்வளையத்தையும் வாடியதும் எடுத்துவிட வேண்டும். அதன் கம்பி ஒரே மழைக்காலத்தில் கல்லில் துருவட்டம் போட்டுவிடும்.