ஆள் தேவைப்படும்போது வரட்டும்

பேரிடர் வந்தால் இளம் இளவரசர், இளவரசிகள் களத்தில் நின்றே ஆக வேண்டுமா என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். வரட்டும், ஆனால் எதற்கு, எப்போது என்று பார்க்க வேண்டும். 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தில் தேம்ஸ் நதி பெருகியபோது இளவரசர்கள் வில்லியமும் ஹாரியும் டாட்செட் கிராமத்தில் ராணுவத்தினரோடு மணல் மூட்டை தூக்கினார்கள், அங்கே ஆள் தேவைப்பட்டது, அது சரி. 2024 நவம்பரில் வலென்சியா வெள்ளத்துக்கு அப்புறம் ஸ்பெயின் அரசரும் அரசியும் அங்கே வெள்ளம் பாதித்த பைபோர்ட்டா ஊருக்குப் போனபோது மக்கள் சேற்றை வாரி வீசினார்கள். எச்சரிக்கை தாமதம், உதவி வரவில்லை என்ற ஆத்திரம் எதிரில் நின்றவர்கள் மேல் விழுந்தது. அவர்களின் மூத்த மகள், 19 வயது இளவரசி லியோனோரையும் அன்றைக்கு அங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது நியாயமே இல்லை.

எங்கள் மதுரையிலும் அதே வருஷம் அக்டோபரில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் நிறைய வந்தது, ஜனங்கள் கேட்டதோ பாய், வாளி, பினாயில், நனைந்துபோன பிள்ளைகளின் நோட்டுக்குப் பதில் புது நோட்டு. அந்தக் குறுகல் தெருவில் பெரிய மனிதர்களின் நாலு கார் நின்றால் தண்ணீர் இறைக்கிற மோட்டார் வண்டி எப்படி உள்ளே வரும்?

ஸ்பெயின் அரசரும் அரசியும் அந்த டிசம்பரில் மகள்களோடு, வெள்ளம் பாதித்த இன்னொரு ஊரான கட்டரோஜாவுக்குப் போனது எனக்குப் பிடித்தது. இளையவர்களிடம் அதைத்தான் கேட்க வேண்டும், கேமராக்கள் கிளம்பிய பிறகு வாருங்கள், இழப்பீடு கைக்கு வந்ததா, பள்ளிக்கூடம் திறந்ததா என்று வீடு வீடாகக் கேளுங்கள்.