டெபியனில் எம்.பி.3 கேட்க வெளிக் களஞ்சியம் தேவையில்லை
டெபியன் என்பது லினக்ஸ் வகை இயங்குதளம்; களஞ்சியம் என்பது அதற்கான மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இணையக் கிடங்கு. "டெபியன் நிறுவியதும் வெளி மல்டிமீடியா களஞ்சியத்தைச் சேர்க்காவிட்டால் எம்.பி.3 கூடப் பாடாது" என்று சொல்வது தவறு. இந்தத் தயக்கத்துக்குக் காரணமான எம்.பி.3 காப்புரிமைகள் 2017-லேயே காலாவதியாகிவிட்டன. அதற்கு முன்பும் டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் 'மெயின்' என்ற முதன்மைப் பகுதியிலுள்ள வி.எல்.சி. என்ற இயக்கி எம்.பி.3-ஐ இயக்கத்தான் செய்தது, எச்.264 என்ற வடிவிலுள்ள வீடியோவும் அப்படியே. மாறாக, வெளிக் களஞ்சியத்திலுள்ள எஃப்.எஃப்.எம்பெக் (ஒலி, வீடியோவைக் கையாளும் மென்பொருள்) பொதிக்குப் பதிப்பு எண் கூடுதலாக இருந்தால், அடுத்த அப்டேட்டிலேயே அது டெபியனுடையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு பொதி இன்னொன்றின் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கும் சார்புச் சிக்கலை அவிழ்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் (பட்டவன் சொல்கிறேன்). கடையில் வாங்கிய, நகலெடுக்காதபடி மறையாக்கப் பூட்டுப் போட்ட டிவிடி மட்டும் விதிவிலக்கு. அதற்கும் களஞ்சியங்களைப் பட்டியலிடும் சோர்சஸ் கோப்பில் 'மெயின்' (main) என்பதன் பக்கத்தில், டெபியனின் இன்னொரு பகுதியான 'கான்ட்ரிப்' (contrib) என்று சேர்த்தால் போதும். பூட்டைத் திறக்கும் நிரலகத்தை (நிரல் தொகுப்பை) இறக்கி நிறுவித் தரும் பொதி அந்தப் பகுதியிலேயே இருக்கிறது.